இல்லாமல் போன பன்னிரண்டு கற்கள்

விபத்து ஏன் நடக்கிறது என்று என்னிடம் மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் லேசில் விடமாட்டேன். திண்டிவனத்தில் இருபத்தொரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நான். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் வந்தவனையெல்லாம் லாரி ஓட்ட வைத்து அனுப்பியிருக்கிறேன். முதல் நாள் ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டேன். பெஞ்சில் உட்கார வைத்து, வேகம், குடி, தூக்கம், செல்போன், எதிர்த்திசையில் வருவது, கண்ணைக் கூசும் விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வயிற்றைக் கலக்கிவிட்டுத்தான் வண்டிப் பக்கம் கூட்டிப்போவேன். "ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்று வகுப்பை ஆரம்பிப்பேன். அப்படிப்பட்ட நான் ஐம்பத்திரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் கிடந்தேன். எப்படிக் கிடந்தேன், அங்கே என்ன செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

எங்கள் ஊர் மயிலத்துக்குப் பக்கம். ஒன்றரை ஏக்கர் நிலம். அந்தப் போகம் உளுந்து போட்டிருந்தேன். உளுந்து பிடுங்குகிற காலம் வந்தால் எங்கள் ஊருக்குத் தார் ரோடுதான் களம். செடியை ரோட்டில் குறுக்கே பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகளே மிதித்துக் கொடுத்துவிடும். அப்புறம் உளுந்தைத் தூற்றி, ரோட்டின் ஒரு பாதியில் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைப்போம். இதில் வெயில் நன்றாக விழுகிற இடத்துக்கு ஊரில் பெரிய போட்டி. மதகை ஒட்டி மரநிழல் விழாத நாற்பதடி இடம் இருக்கிறது. அது கிடைத்தால் இரண்டே நாளில் உளுந்து கலகலவென்று காய்ந்துவிடும். அதனால் சாயங்காலம் உளுந்தை அள்ளிக்கொண்டு போனாலும் கல்லை அள்ள மாட்டோம். கல் கிடந்தால் இடம் நம்முடையது, மறுநாள் வேறு யாரும் வந்து பரப்ப மாட்டார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். ஊரில் ஒருவர்கூட அதைத் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

அன்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி செல்வியிடம் சொன்னேன்: "சாய்ங்காலம் உளுந்த அள்ளிக்கினு போ. கல்லுல கைய வைக்காத. எடுத்தீன்னா நாளிக்கி மேலாண்ட வூட்டுக்காரன் வந்து பரப்பிக்குவான்." பன்னிரண்டு கற்கள். ஏரிக்கரையில் தேடித் தேடி நானே பொறுக்கி வந்தவை. ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் திண்டிவனத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்டு வார் மாட்டியிருந்தேன். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. இடது ஓரமாகவே வந்தேன். பரீட்சைக்கு வந்த மாணவன்கூட அவ்வளவு ஒழுங்காக ஓட்டியிருக்க மாட்டான். மதகை நெருங்கும்போது எதிரே ஒரு பைக் வந்தது. அதன் முன்சக்கரம் என் கற்களில் ஒன்றின்மேல் ஏறியதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஹேண்டில் திரும்பி, வண்டி ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு என் வலது காலில் வந்து மோதியது.

ஆஸ்பத்திரியில் என் காலைப் பார்த்த டாக்டர் 'காம்பவுண்ட் பிராக்சர்' என்றார். எலும்பு உள்ளே முறிந்தால் சாதாரண முறிவு. முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் அது காம்பவுண்ட். ரோட்டு மண், சாணி, என் பேண்ட் துணி எல்லாம் எலும்புவரைக்கும் போயிருந்தது. கால் தங்குமா, எடுக்க வேண்டியிருக்குமா என்பதை மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். முதல் மூன்று நாளில் இரண்டு தடவை தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் புண்ணைக் கழுவினார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். தோலுக்கு வெளியே நான்கு கம்பிகளை எலும்பில் முறுக்கி, அவற்றை ஒரு நீளக் கம்பியில் பூட்டினார்கள். டி.வி. ஆன்டெனா மாதிரி என் கால் நின்றது.

பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் உடனே சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வார்டில் இருந்த ஒரு பயிற்சி டாக்டரம்மா செல்விக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டார். அதிலிருந்து செல்வி கட்டிலின் கால்மாட்டைவிட்டு நகரவில்லை. நகத்தை அழுத்துவாள், விடுவாள், குனிந்து பார்ப்பாள். "செவக்குதுங்க" என்பாள். கால் மணி நேரத்துக்கு ஒருதரம் "செவக்குதுங்க". எரிச்சல் தாங்காமல் ஒருமுறை "அடியே, நகத்தப் பேத்துறப் போறடி" என்று கத்தினேன். அவள் சேலை முந்தானையால் என் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள்.

நான்காம் நாள் கால் தங்கும் என்று சொல்லிவிட்டார்கள். உயிர் வந்ததும் எனக்கு வாயும் வந்துவிட்டது. வார்டில் முக்கால்வாசிப் பேர் ரோட்டில் அடிபட்டு வந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் எப்படி அடிபட்டது என்று கேட்டு, எந்தத் தப்பினால் என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தேன். கதவோரக் கட்டிலில் ஒருத்தர் தொடைக்குக் கீழே கால் இல்லாமல் கிடந்தார். பைபாஸில் சுற்றிக்கொண்டு வர அலுத்துப்போய் எதிர்த்திசையில் வந்து வேனில் மாட்டியவர். அவரிடம், "ரெண்டு கிலோமீட்டர் பெட்ரோல மிச்சம் பண்ணீங்க. இனிமே பெட்ரோல் செலவே இல்ல, போங்க" என்றேன். அவருடைய மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குச் சுடுகிறது. தூங்கிக்கொண்டே லோடு வேன் ஓட்டியவர், போனில் பேசிக்கொண்டே பள்ளத்தில் விழுந்தவர், குடித்துவிட்டு மாட்டின்மேல் ஏற்றியவர், யாரையும் நான் விடவில்லை. "மாஸ்டர் வாயில வுழாதீங்கப்பா" என்று அவர்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

என்மேல் மோதியவர் என் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார். கடவுளுக்கு வேறு கட்டில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெயர் சலீம். கோட்டகுப்பத்துக்காரர். நாற்பது வயசுக்குள் இருக்கும். வளைகுடாவில் கிரேன் ஆபரேட்டர். நோன்பு மாசத்துக்கு லீவில் வந்தவர், மயிலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற மகளைப் பார்த்துவிட்டு, நோன்பு திறக்கிற நேரத்துக்குள் வீடு போய்ச் சேரலாம் என்று குறுக்கு வழியாக எங்கள் ஊர் ரோட்டில் வந்திருக்கிறார். விழுந்த வேகத்தில் வலது தோள் தரையில் மோதி, தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக இழுபட்டுவிட்டது.

அவருக்கு எலும்பு ஒன்றும் உடையவில்லை. முதலில் நான் 'கொடுத்துவைத்தவன்' என்று பொருமினேன். அப்புறம்தான் டாக்டர் விளக்கியது காதில் விழுந்தது. கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் ஒரு கொத்தாகத் தோளுக்கு அடியில் இறங்குகின்றன. அந்தக் கொத்து வேரோடு பிய்ந்துவிட்டது. கை பார்க்க முழுசாக இருக்கும், ஆனால் தூக்க முடியாது, மடக்க முடியாது, சூடு பட்டாலும் தெரியாது. தசையில் ஊசி குத்திக் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனை செய்தார்கள். ஓடவில்லை. அவர் தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். தூங்கும்போது அது நழுவிக் கட்டிலுக்கு வெளியே தொங்கும். அவர் மனைவி ரஹ்மத் எடுத்து மேலே வைப்பார்.

சலீம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "கல்லு மாஸ்டர். ரோட்ல வரிசையா கல்லு. ஒரு மனுசன் நடு ரோட்ல கல்ல வச்சிட்டுப் போவானா? அவன் நல்லா இருப்பானா?"

நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். 'கொஞ்சம் வலி குறையட்டும்' என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் என் மச்சான் ஏழுமலை வந்தான். செல்வியின் தம்பி. தங்கமான பையன் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்து என்னைத் தூக்கிப் புரட்டி, பெட்பேன் வைத்து, அருவருப்பு இல்லாமல் கழுவிவிட்டவன் அவன். சலீமின் கட்டில் காலியாக இருந்தது, அவரை எங்கேயோ சோதனைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். ஏழுமலை என் காதுக்குக் கிட்டே குனிந்தான்.

"மாமா, நீங்க எதுக்கும் பேஜாராவாதீங்க. உங்கள ஆம்புலன்ஸ்ல ஏத்தின உடனே நான் ஜல்தியா போயி கல்லெல்லாம் பொறுக்கிட்டேன். பன்னண்டும் கெணத்துக்குள்ள போயிடுச்சி. பெருக்கிக்கூட வுட்டுட்டேன். ஒரு தடயம் இல்ல."

"உன்ன யாரு செய்யச் சொன்னது?"

"இதயெல்லாம் சொல்லணுமா மாமா? நாளிக்கி கேசு கீசுன்னா லைசென்சு போயிடும். ஸ்கூல இழுத்து மூடிடுவாங்க. அக்கா இன்னா பண்ணும்?"

எனக்காக ஓடி ஓடிச் செய்தவனை எப்படித் திட்டுவது? நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. மார்பிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். அவருடைய மகள் என்னிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சலீம் கேட்கிற தூரத்திலேயே உட்கார்ந்தார்.

"பாய் கல்லு கெடந்துச்சின்றாரு மாஸ்டர். நான் ஸ்பாட்டுக்குப் போய்ப் பாத்துட்டேன். ஒரு கல்லும் இல்ல. ஊர்ல கேட்டா யாரும் பாக்கலன்றாங்க. நீங்க எதுக்கால வந்தவரு. கல்லு இருந்துச்சா?"

சலீம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நம்பிக்கையோடு பார்த்தார். நான் சொல்லப்போகிறேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

"நான் எதுவும் பாக்கலிங்க" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவன் பொய் சொன்னான் என்று போயிருக்கும். ஆனால் இருபத்தொரு வருஷம் வகுப்பெடுத்த வாய் இது. சலீமின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும், அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். சூரியன் இறங்கின நேரத்தில் கண் தடுமாறும் என்றேன். கண் இருட்டுக்குப் பழகுகிறவரைக்கும் ரோட்டு ஒட்டுவேலைகூடக் கல் மாதிரித் தெரியும் என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு இருந்தால் தலை கிறுகிறுக்கும், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வேகம் தானாக ஏறும், இல்லாத பொருள் கண்ணில் படும், கை தானாக ஹேண்டிலைத் திருப்பும் என்றேன். "நான் கிளாஸ்லயே சொல்லுவேன், பாதி ஆக்சிடென்ட் கண்ணு செய்யிற மோசம்" என்றேன். ஒவ்வொரு காரணமும் உண்மையான காரணம்தான். ஒன்றுகூட அன்றைக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏட்டு தலையாட்டிக்கொண்டே எழுதினார். "மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஓரமாக நின்றிருந்த செல்வி என் கால்விரலைப் பிடித்திருந்தாள். கையை எடுத்துவிட்டாள். அவள் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். அன்று நகத்தை அழுத்திப் பார்க்கவே இல்லை.

ராத்திரி முழுக்கச் சலீம் தூங்கவில்லை. காலையில் என்னிடம் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாஸ்டர், அப்ப எனக்குத் தெரிஞ்சது கல்லே இல்லையா?"

"இல்ல பாய்."

"கண்ண மூடுனா இப்பவும் தெரியுது. ஒன்னு ஒன்னா எண்ணலாம் போல இருக்கு."

"அப்படித்தான் தெரியும்."

பன்னிரண்டு வருமே என்று என் மனசுக்குள் ஒரு குரல் எண்ணியது. அதை அடக்கிக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது சலீம் தன் கையைப் பற்றிக் கேட்கவில்லை. "சார், இல்லாத கல்லு எனக்குத் தெரிஞ்சிருக்கு. தலைல எதுனா அடி இருக்குமா? ஸ்கேன் எடுத்துப் பாருங்க சார்" என்றார். டாக்டர் முதலில் வேண்டாம் என்றார். இவர் கெஞ்சினார். மறுநாள் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் தலையை விட்டுத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது. வலிக்காது. ரிப்போர்ட் வர அரை நாள் ஆனது. அந்த அரை நாளும் ரஹ்மத் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று ஓதிக்கொண்டே இருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் எழுந்து மூஞ்சி கழுவிக்கொண்டு வந்திருப்பார். நான் சொல்லவில்லை. தலையில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"மூளை நல்லா இருக்காம் மாஸ்டர்" என்றார் சலீம். சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "அப்ப என் கவனக்கொறவுதான். வேற இன்னா?"

அன்றிலிருந்து அவர் கல்லைப் பற்றிப் பேசவில்லை. அவர் வீட்டு ஆட்களும் மாறிவிட்டார்கள். பார்க்க வந்த அவருடைய அண்ணன், "உனக்கு எதுலதான் நிதானம் இருந்திருக்கு?" என்று வார்டே கேட்கும்படி ஏசினார். போன வாரம்வரை கல் வைத்தவனுக்குச் சாபம் விட்ட ரஹ்மத், செல்வியிடம், "இவங்க எப்பவும் கொஞ்சம் வெரசாத்தான் ஓட்டுவாங்க அக்கா, நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து அவர்களுக்குத் தூக்கில் நோன்புக் கஞ்சி வரும். அதில் முதல் டம்ளர் எனக்கு ஊற்றித் தருவார்கள். கறியும் இஞ்சியும் போட்ட கஞ்சி. "இவங்களால நீங்க கெடக்குறீங்க, இதாச்சும் நாங்க செய்யக் கூடாதா?" என்பார் அந்த அம்மா. சூடாக இருக்கும்போதே குடித்துவிடுவேன். ருசியாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன நாக்கு அதற்குக்கூட வெட்கப்படவில்லை.

செல்வி அந்தக் கஞ்சியைத் தொடவில்லை. ஒருநாள் வார்டில் ஆள் குறைவாக இருந்தபோது என்னிடம் சொன்னாள்.

"நான் சொல்லிடறேங்க. கல்ல வுட்டுட்டு வந்தது நாந்தானே. எம்மேல போட்டுக்கிறேன்."

"வாய மூடு. கேசு வந்தா உன் தம்பியும் சேந்து உள்ள போவான். தடயத்த அழிச்சான்னு போடுவாங்க. அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க, தெரியுமில்ல?"

அவளை அடக்க எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழுத்தினேன். அதன்பிறகு அவள் சோறு ஊட்டினாள், துடைத்துவிட்டாள், பேசவில்லை.

மூன்றாவது வாரம் தொடையிலிருந்து தோலைச் சீவியெடுத்துப் புண்மேல் ஒட்டினார்கள். புண்ணைவிடத் தோல் எடுத்த இடம்தான் தீயாய் எரிந்தது. காலைக் காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் கணுக்கால் இனி மடங்காது என்றார் டாக்டர். மாணவன் தப்புச் செய்தால் என் பக்கத்திலிருந்து மிதிக்கிற பிரேக்கை இனி நான் மிதிக்க முடியாது. நான் வண்டியில் ஏறாத மாஸ்டர். கதவோரக் கட்டில்காரர் அன்று கட்டையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரு சாத்துக்குடியை உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சலீமை என்னைவிட முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். நரம்பைத் தைக்கிற ஆபரேஷனுக்குச் சென்னைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். செய்தாலும் விரல்கள் வருமா என்பது சந்தேகம் என்றார்கள். கம்பெனி அவருக்குப் பதில் வேறு ஆளைப் போட்டுவிட்டது. ஏட்டு கொண்டுவந்த காகிதத்தில், 'நானே அஜாக்கிரதையாக ஓட்டி எதிரே வந்தவர்மேல் மோதினேன்' என்று சலீமே சொல்வதாக எழுதியிருந்தது. அவருக்குக் கையெழுத்துப் போட வரவில்லை. இடது கைக் கட்டைவிரலை உருட்டினார். படித்த மனுஷன்.

கிளம்புகிற அன்று ரஹ்மத் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். சலீம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல சட்டை போட்டிருந்தார். வலது கையைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகி வைத்திருந்தார்கள்.

"மாஸ்டர், ஒரு மனுசனுக்கு நாம செஞ்ச தப்ப அந்த மனுசன் மன்னிக்காம அல்லாவும் மன்னிக்க மாட்டான். உங்க கால நான் எடுத்துட்டேன். உங்க பொழப்பக் கெடுத்துட்டேன். அது பத்தாதுன்னு கல்லு இருந்துச்சின்னு யாரோ ஒரு ஆள் மேல பழிய வேற போட்டேன். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் நிம்மதியாப் போறேன்."

கட்டிலின் கால்மாட்டில் செல்வி நின்றிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டிய வார்த்தை எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மன்னிச்சிட்டேன் பாய்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைகொடுக்க வந்தவர் சட்டென்று தயங்கினார். பிறகு இடது கையை நீட்டினார்.

"எடது கை கொடுக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர்" என்றார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.